முழங்காலில் கட்டிய மின்சாரம்

அந்தப் பட்டியை முதன்முதலாகக் கட்டிக்கொண்டவர் என் அக்கா. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே, நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்துக் காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டிக்கொண்டு, "நல்லா இறுக்கிக் கட்டு, மலையில நழுவுனா யாரு வந்து எடுத்துக் குடுக்கிறது" என்றார். கறுப்பு நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர்ப் பட்டி. அதன் ஓரத்திலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் புறப்பட்டு இடுப்பில் தொங்கிய தீப்பெட்டி அளவான பெட்டிக்குள் போயின. அக்கா எழுந்து நின்று முழங்காலை மடக்கினார். பெட்டியின் மேலிருந்த சிறிய சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. காலை நீட்டினார். மறுபடியும் மின்னியது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

இவ்வளவுதான். பற்றரி கிடையாது, வயர் எங்கேயும் செருகவில்லை, கால் மடங்குவதில் வருகிற மின்சாரம் அது என்று விளக்கினேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு, கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் புறப்பட்டார். அன்றைய கூலிக்குப் பேர் கொடுக்க நேரமாகிவிட்டிருந்தது. தங்கையான எனக்கும் அக்காவுக்கும் வயது வித்தியாசம் அதிகம். சிறு வயதிலிருந்தே 'நீங்க' என்று சொல்லித்தான் பேசிப் பழக்கம். அவரும் என்னிடம் எதையும் இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை.

நான் படித்தது இரசாயனம். மலையிலிருந்து இறங்கினால் வருகிற ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பல்பகுதியம் என்று படித்ததை அங்கே எல்லாரும் பொலிமர் என்றுதான் சொன்னார்கள். என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒருவகைப் பிளாஸ்டிக் இருக்கிறது, அதை இழுத்தாலும் அமுக்கினாலும் கொஞ்சம் மின்சாரம் தரும். ஆனால் விறைப்பானது, அதிகம் இழுத்தால் வெளுத்துப்போய் அறுந்துவிடும். ரப்பர் எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வரும், ஆனால் மின்சாரம் தராது. இரண்டையும் கலந்து, இழுபடவும் வேண்டும், மின்சாரமும் வேண்டும் என்றால் என்ன செய்வது? இதுதான் கேள்வி. மனிதர் நடக்கிற, குனிகிற, கையை வீசுகிற அசைவெல்லாம் வீணாகத்தான் போகிறது, அதில் ஒரு துளியைப் பிடித்தால் சின்னச் சின்னக் கருவிகளுக்குப் பற்றரி தேவைப்படாது என்பது அதற்குப் பின்னால் இருக்கிற எண்ணம்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாகக் கலக்கி, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து, படலமாக உரித்தெடுக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க நான் உரித்தெடுத்ததெல்லாம் கையில் பிடித்து இழுத்தவுடன் கிழிந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் காரணம் தெரியும். ரப்பர் ஒரு பக்கமாகப் பரந்து கிடக்கும். பிளாஸ்டிக் அதற்குள் தீவு தீவாக ஒதுங்கி நிற்கும். ஒவ்வொரு தீவின் கரையிலும் ஒரு மயிரிழை வெடிப்பு. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.

என்னை மேற்பார்வை செய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் மெடம் என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பேசினால் நேராகப் பேசுவார். கிழிந்த படலங்களை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டு, "தரகர் இல்லாமல் இந்தச் சம்பந்தம் சரிவராது" என்றார். இரண்டோடும் ஒட்டக்கூடிய மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும் என்பது அதன் அர்த்தம். ரப்பரையே இரசாயன முறையில் கொஞ்சம் மாற்றினால் அது பிளாஸ்டிக்கோடும் உறவு கொண்டாடும். கேகாலைப் பக்கத்திலிருந்து வந்த ரப்பர்ப் பாலை வைத்து அதைச் செய்தோம். எவ்வளவு மாற்றுவது, எவ்வளவு சேர்ப்பது என்று கண்டுபிடிக்கவே இன்னொரு மழைக்காலம் போனது. கூடப் போட்டால் படலம் பிசுபிசுத்தது. குறையப் போட்டால் பழையபடி கிழிந்தது. ஒருநாள் காலையில் உரித்தெடுத்த ஒன்றை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருக்க முடிந்தது. விட்டதும் சுருங்கித் தன் அளவுக்கு வந்தது. கம்பியைப் பொருத்தி மறுபடி இழுத்தபோது மீற்றரின் ஊசி அசைந்தது. மெடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஓம், இது சரி" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

ஆய்வுகூடத்து இயந்திரம் படலத்தை ஒரே அளவாக, ஒரே வேகத்தில் இழுக்கும். மனிதர் அப்படி அசைவதில்லை. அதனால் ஆட்களில் கட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. விளையாட்டு மைதானத்தில் ஓடுகிற மாணவர்களைப் பிடிக்கலாம் என்றார் மெடம். அவர்கள் அரைமணி நேரம் ஓடிவிட்டுப் போய்விடுவார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் காலையிலிருந்து மாலை வரைக்கும் சரிவில் ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து, ஈரத்திலும் குளிரிலும் வேலை செய்கிறார்கள், படலம் அங்கே தாக்குப்பிடித்தால் எங்கேயும் தாக்குப்பிடிக்கும் என்று நான் சொன்னேன். மெடம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் அனுமதி வாங்கினோம். சேருகிற ஒவ்வொருவரிடமும் விளங்கப்படுத்திச் சம்மதம் வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்ல வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அதையும் செய்தேன். அக்காவின் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். நான் வாசித்துக் காட்டியதை முழுதாகக் கேட்காமலேயே சம்மதம் என்றார்கள்.

முதல் நாள் பெரட்டில் நல்ல சிரிப்பாக இருந்தது. முழங்காலில் கறுப்புப் பட்டி, அதற்குமேல் பாவாடை, அதற்குமேல் இடுப்பைச் சுற்றிய படங்கு. செடி கிழிக்காமல் இருக்கக் கட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் விரிப்பு பெட்டியை மறைத்துவிட்டது, ஆனால் விளக்கு மின்னுவது அதற்கூடாகத் தெரிந்தது. ஒருவர் நடக்க, பின்னால் வருகிறவர், "உனக்குத் தீப்பிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். குழுவிலேயே மூத்தவர் ஒருவர் இருந்தார். எனக்குச் சின்னம்மா முறை. அவர் பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ஃபோன் சார்ஜ் பண்ணலாமா?" என்று கேட்டார். ஒரு ஃபோனுக்குச் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் கொழுந்துக் காலம் முழுக்க மலையேற வேண்டியிருக்கும் என்றேன். "அதத்தானே செய்றோம்" என்றார்.

பத்து மணிக்கெல்லாம் தூறல் பிடித்தது. மதியம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நான் பார்த்தபோது ஒரு விளக்கும் மின்னவில்லை. பெண்கள் நடக்கிறார்கள், முழங்கால் மடங்குகிறது, படலமும் இழுபடுகிறது. மின்சாரம் மட்டும் இல்லை. ஈரம் உள்ளே போய், உண்டான கொஞ்சநஞ்ச மின்சாரத்தையும் தோல் வழியாகக் கசியவிட்டிருந்தது. பட்டிகளைச் சேகரித்துக்கொண்டு திரும்பினேன். பொகவந்தலாவை பஸாரில் ஒரு இரும்புக்கடை இருக்கிறது. கடைக்காரரை ஊரில் எல்லாரும் நாநா என்றுதான் கூப்பிடுவோம். குளியலறை இடுக்குகளில் பூசுகிற சிலிக்கோன் குழாய்களை அவரிடம் வாங்கினேன். எத்தனை குளியலறை கட்டுகிறேன் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கடைக்கு வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். அந்தச் சிலிக்கோனை மெல்லிய தோலாகப் படலத்தின் இருபுறமும் பூச வேண்டியிருந்தது. தடிப்பாகப் பூசினால் இழுபடாது. ஆய்வுகூடத்துக்குப் போய் அதைச் சரிசெய்துகொண்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இரண்டாம் தடவை பட்டிகள் மழையில் நின்றன. அட்டை ஏறியது, சேறு பட்டது, தேயிலைக் கிளைகள் உரசின, ஆனாலும் மாலையில் வீடு திரும்பும்போது விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. நான் லயத்திலேயே தங்கி, ஒவ்வொரு நாளும் பட்டிகளைத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியில் பதிந்ததைக் கணினியில் ஏற்றினேன். இந்தத் தடவை உள்ளே சேர்த்திருந்த ஒரு பொத்தான் பற்றரியால் பெட்டி ஒவ்வொரு மடக்கலையும் நேரத்தோடு பதிந்துவைக்கும். திரையில் அது வரிசையாக முட்களாகத் தெரியும். ஏற்றத்தில் முட்கள் உயரமாக, இறக்கத்தில் குட்டையாக, செடிக்குச் செடி நகரும்போது சின்னதாக. சில பெண்கள் மின்சாரத்தை மறந்தே போனார்கள். பட்டி கட்டினால் முட்டிக்குக் குளிர் ஏறவில்லை, வயரை எடுத்துவிட்டு அதை மட்டும் தரமுடியுமா என்று கேட்டார்கள். ஆராய்ச்சியில் அதற்கு இடமில்லை என்றாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு மாலை அக்காவின் நாளை அவருக்கே திரையில் காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டு அவர் அடையாளம் சொன்னார். இது பெரட்டிலிருந்து ஏறினது. இது ஓடையைத் தாண்டினது. ஒரு இடத்தில் முட்கள் நின்று, நீளமான வெறுங்கோடாகக் கிடந்தது.

"இங்கன தேத்தண்ணி குடிச்சோம்" என்றார். கொஞ்சம் தள்ளி இன்னொரு வெறுங்கோடு. அதைப் பார்த்துச் சிரித்தார். "இது கண்டாக்கையா அந்தப் பக்கம் போனப்ப."

மலையில் வேலை வாங்குகிற மேற்பார்வையாளரின் கண் மறைந்ததும் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வாரம் துரை என்னை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். இப்போதிருப்பவர் என்னைவிட இளையவர். தென்பகுதியைச் சேர்ந்தவர். மரியாதையாக நடத்துவார். நாற்காலி தந்தார், தேநீர் வரவழைத்தார். சிங்களத்தில்தான் பேசினோம். ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று கேட்டார். இந்தத் தோட்டத்து லயத்திலிருந்து ஒருவர் இந்த அளவுக்குப் படித்திருப்பது தனக்குப் பெருமை என்றார். கணினியைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. எண் மட்டும்தான் இருந்தது.

அவர் கூர்மையானவர். நான் படலத்தின் ஆயுளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய விரல் நேராக வெறுங்கோட்டில் போய் நின்றது. இந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். அசைவு இல்லை என்றேன். அப்படியென்றால் வேலை செய்யவில்லை, அப்படித்தானே என்றார். உட்கார்ந்திருக்கலாம், நின்ற இடத்திலேயே பறித்துக்கொண்டிருக்கலாம், முழங்காலுக்கு அது தெரியாது என்றேன். அது சரிதான், மணிக்கட்டிலும் ஒன்று கட்டினால் தெரிந்துவிடுமே என்றார். பிறகு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கட்ட முடியுமா, அதைத் தன் ஃபோனிலேயே பார்க்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டார். கேள்விகளில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆள் குறைந்துகொண்டே போகிறது, மேலிடம் தினமும் ஃபோன் எடுத்து விளைச்சலைக் கேட்கிறது, அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. இதற்குக் கம்பனியே உதவி செய்யும், பல்கலைக்கழகத்துக்கு எழுதச் சொல்கிறேன் என்றார். அது அதற்காகச் செய்ததில்லை என்று மட்டும் சொன்னேன். எந்தப் பொருளும் ஒரு வேலைக்காக மட்டும் இருப்பதில்லையே என்று அவர் நட்பாகச் சொன்னார்.

அலுவலகத்திலிருந்து லயத்துக்கு நடந்து வருகிற தூரத்தில் நான் யோசித்தது மிகக் குறைவு. அவர் கேட்டதெல்லாம் செய்யக்கூடியதுதான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கடினமான பகுதியை நான் ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தேன். மிச்சம் இருந்தது பெட்டியில் ஒரு சின்ன மாற்றம்.

அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்துக் காம்பராவில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். துரை கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"அது நாங்க எங்க ஒக்காந்தோம்னு காட்டுமா?"

"எங்கன்னு காட்டாது. எவ்வளவு நேரம்னு காட்டும்."

"யாருன்னு?"

"அவங்க கேக்குற மாதிரி செஞ்சா, யாருன்னும் காட்டும்."

"நீ செய்வியா?"

"மாட்டேன்."

"நீ செய்யாட்டி வேற யாராச்சும் செய்வாங்களா?"

செய்வார்கள் என்றேன். அக்கா அடுப்பைத் தணித்தார். தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்து என்னிடம் தந்தார். நான் சாப்பிடும்போது, காலையில் பெரட்டில் இதைச் சொல்லப்போவதாகவும் நானும் வரவேண்டும் என்றும் சொன்னார். அக்கா தொழிற்சங்கத்தின் மாதர் பிரிவில் தலைவியாக இருந்தவர். ஒரு விஷயத்தை எங்கே, யார் முன்னால் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

காலையில் அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. துரை கேட்டது இன்னது, தங்கச்சி சொன்னது இன்னது, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒரு பெண், நாங்கள் ஒழுங்காகத்தானே வேலை செய்கிறோம், எதற்குப் பயப்பட வேண்டும் என்றார். இன்னொருவர், ஒழுங்காக வேலை செய்கிறவளும் மாதத்தில் சில நாள் உட்காரத்தான் செய்வாள், அதைத் துரைக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியுமா என்றார். அதன்பிறகு பேச்சு நீளவில்லை. சின்னம்மாதான் முதலில் குனிந்து பட்டியைக் கழற்றினார். வயரைச் சுற்றிப் பெட்டியோடு சேர்த்து என் கையில் தந்தார்.

"உன் மேல கோவம் இல்ல பாப்பா" என்றார்.

ஒவ்வொருவராகக் கழற்றித் தந்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய், முதல்நாள் கழுவிக் காயப்போட்டிருந்ததை எடுத்துவந்து தந்தார். நான் எல்லாவற்றையும் ஒரு உரப்பைக்குள் போட்டேன். கடைசியாக அக்கா தந்தார். தரும்போது, ஏற்கெனவே பதிந்ததெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டார். என்னிடம்தான் இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லை என்றேன். அதை அழிக்க முடியுமா என்று கேட்டார். சம்மதம் வாங்கும்போது வாசித்துக் காட்டியதில், விலகுகிறவர் கேட்டால் அவருடைய பதிவை அழிப்போம் என்று ஒரு வரி இருந்தது. அவர்கள் அதை அன்றைக்குக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா கேட்டிருந்தார். மற்றவர்களும் தங்களுடையதை அழிக்கச் சொன்னார்கள்.

அன்று மாலையே அழித்தேன். அக்காவும் சின்னம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்க்க அதில் ஒன்றுமில்லை. திரையில் ஒரு பட்டை நிரம்பி மறைந்தது.  எனக்கு வந்ததைத் துக்கம் என்று சொல்லமாட்டேன். ஒரு நீண்ட வேலையை முடித்துவிட்டு உட்காரும்போது வருகிற வெறுமை மாதிரி இருந்தது, வேலைதான் முடிந்திருக்கவில்லை.

துரையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அப்படியென்றால் இனி மலைகளுக்குள் போக அனுமதி தேவைப்படாதுதானே என்றார். ஆம் என்றேன். எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மெடத்திடம் ஃபோனில் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, பட்டிகள் பத்திரமா என்பதுதான். பதிவுகளை அழித்துவிட்டேன் என்றேன்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டா நீங்க என்ன மெடம் சொல்லியிருப்பீங்க?"

"அழிக்கச் சொல்லித்தான் சொல்லியிருப்பன். அதுதானே விதி. எண்டாலும் கேட்டிருக்கலாம்."

அவருடைய குரலில் இருந்தது கோபமா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு, கம்பனியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் வந்தால் அதற்குத் தான் பதில் எழுதுவதாகவும், அதைப் பற்றி நான் யோசிக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். வந்ததா, என்ன பதில் போனது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

உரப்பையோடு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. அந்த வழியில் ஓடுகிற பஸ்களில் எனக்கு அது வழக்கமான பயணம்தான். வளைவுக்கு வளைவு ஆட்கள் ஒரு பக்கம் சாய்வார்கள், அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்வார்கள், மேல் கம்பியிலிருந்து தொங்குகிற பிடிவார்களை இழுத்துப் பிடித்தபடி. நானும் ஒன்றைப் பிடித்திருந்தேன். என் உடம்பின் முழுப் பாரமும் அதில் தொங்கி விலகித் தொங்கியது. முழங்கால் படலத்தை இழுக்கிற விசையைவிட இது எத்தனையோ மடங்கு. நோர்வூட் தாண்டும்வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஹட்டனில் ரயிலுக்கு மாறி, றொசல்லப் பக்கத்தில் போகும்போதுதான் அதை ஒழுங்காக யோசித்தேன். பிடிவாரை யார் பிடிக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் பிடிப்பார். பேருக்கும் எண்ணுக்கும் அதில் இடமே இல்லை.

இரும்புக்கடை நாநாவுக்குச் சொந்தமாக ஒரு பஸ் ஓடுவது எனக்குத் தெரியும். அடுத்த முறை மேலே வந்தபோது கடைக்குப் போய், அதன் பிடிவார்களில் எங்கள் படலத்தை வைக்கலாமா என்று கேட்டேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான், யாருக்காவது ஷொக் அடிக்குமா? அடிக்காது என்பதை என் விரலில் வைத்தே காட்டினேன். தானும் விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்ப செய்ங்க தங்கச்சி. ஆனா கொண்டக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. அவன் நான் சொன்னா கேக்கமாட்டான்" என்றார்.

பழைய பிடிவார்களைக் கழற்றி, உள்ளே எங்கள் படலத்தை வைத்துத் தைத்த புதிய வார்களைப் பொருத்தினோம். ஒவ்வொன்றின் மேலும் கம்பியோரமாக ஒரு சிறிய விளக்கு. பஸ் வளைவில் திரும்பும்போது விளக்குகள் சேர்ந்து மின்னும். நேரான தெருவில் அணைந்திருக்கும். அந்தத் தெருவில் நேரான இடம் குறைவு. முதல் சில நாட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேண்டுமென்றே தொங்கி ஆடினார்கள் என்று கொண்டக்டர் முறையிட்டார். ஆய்வுகூடத்து இயந்திரத்தால் அந்தச் சோதனையைச் செய்திருக்க முடியாது என்பதால் எனக்கு அதில் முறைப்பாடு இல்லை.

எல்லாம் நன்றாகப் போனதென்று சொல்ல முடியாது. நானும் ஏறியிருந்த ஒருநாள், ஒரு வளைவில் வார் ஒன்று அறுந்து, அதைப் பிடித்திருந்த ஒரு ஆசிரியர் முன்சீட்டில் இருந்தவர்மேல் விழுந்தார். காயம் எதுவும் இல்லை. ஆனால் அவர் இறங்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே படலத்தோடு சேர்த்துத் தைத்த துணிதான் நைந்திருந்தது என்பதைப் பிறகு பார்த்தேன். படலத்தையும் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். பாரம் கூடின இடத்தில், தீவுகளின் கரையில் பழைய வெடிப்புகள் மறுபடியும் தொடங்கியிருந்தன. முழங்காலுக்குப் போதுமாக இருந்த கலவை முழு உடம்புக்குப் போதவில்லை. ரப்பரின் பங்கைக் கூட்டி, மூன்றாவது பொருளையும் கொஞ்சம் கூட்டி, மறுபடி கண்ணாடித் தட்டில் ஊற்றத் தொடங்கினேன். துணிக்குப் பதிலாகச் சீட் பெல்ட் நாடாவைப் பாரம் தாங்க வைத்தோம். அந்தக் கலவைதான் கடைசியில் என் ஆய்வேட்டில் இடம்பெற்றது. மெடம் அதை வாசித்துவிட்டு, பஸ்ஸைப் பற்றிய பகுதி மட்டும் கதை மாதிரி இருக்கிறது, அதைச் சுருக்க வேண்டும் என்றார். சுருக்கினேன். தோட்டத்தைப் பற்றி அதில் ஒரு பந்திதான் இருக்கிறது. பங்குபற்றியவர்கள் விலகியதால் தரவுகள் சேர்க்கப்படவில்லை என்று அது முடிகிறது.

பட்டம் கிடைத்தபிறகு அதே ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அக்கா பட்டமளிப்புக்கு வந்தார். படம் எடுத்துக்கொண்டோம். மெடமும் அக்காவும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுதாகப் பிடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன். மெடம், "நீங்கள்தானே எல்லாத்தையும் நிப்பாட்டினது?" என்று கேட்டார். அக்கா, "ஆமாங்க" என்றார்.  பிறகு மெடம் அக்காவின் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

போன வருடம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற முறை மாறிவிட்டது. ஒவ்வொரு பெண்ணுக்கும் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை. தராசில் கூடையை வைக்கும்போது அட்டையை ஒரு ஃபோனுக்குக் காட்ட வேண்டும். யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று அப்போதே மேலிடத்துக்குப் போய்விடும். அதற்கும் என் வேலைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. எங்கிருந்தோ வாங்கி வந்தது. நிறையில் கள்ளம் பண்ண முடியாது என்பதால் முதலில் பெண்களுக்கு அது பிடித்திருந்தது. பிறகு, இரண்டு நிறுவைக்கு இடையில் நேரம் நீண்டால் அலுவலகத்தில் காரணம் கேட்கத் தொடங்கினார்கள். சங்கம் பேசியது. காரணம் கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அட்டை இருக்கிறது.

அக்கா இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொன்னார். முறையிடுகிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"பட்டிய கழட்டிக் குடுத்தோம். இத கழட்ட முடியல, கழட்டுனா பேர் இல்ல" என்றார்.

 அந்தப் பக்கம் மழை கேட்டது. பிறகு அவர், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் மிதக்கவிடுகிற ஒரு படலம், அலை இழுக்க இழுக்க மின்சாரம் வரும், நீர்மட்டத்தை அளக்கிற கருவிக்கு அது போதும், இன்னும் சரியாகவில்லை, தண்ணீரில் கிடந்தால் ஊதிவிடுகிறது என்று சொன்னேன்.

"அதுல ஆளுங்க இருக்காங்களா?"

"இல்லக்கா. தண்ணி மட்டுந்தான்."

அக்கா சரி என்றார். அதற்குப் பிறகு, ஆடு குட்டி போட்டிருப்பதையும், ஒரு குட்டி எழுந்து நிற்காமல் இருப்பதையும், அதற்குப் புட்டியில் பால் கொடுப்பதையும் பற்றிப் பேசினார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. மழை கூடியதும் அறுந்துபோனது.